பயிலுநரும் யந்திரமும்: பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிள் பயிற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் சைக்கிளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் யந்திரத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். எப்பொறி எந்த ஆண்டில் உருவாயிற்று, எப்பந்தயத்தில் எவர் வென்றார், எந்தத் தொழிற்சாலை எப்போது மூடப்பட்டது என்பன அந்நூல்களில் விரிவாகப் பேசப்படுகின்றன. முதன்முதலாக அதன்மீது ஏறியமர்ந்து, கைநடுங்க அதனைக் கிளப்பிய பயிலுநருக்கு அவற்றில் இடமில்லை. எந்த யந்திரத்தை முதலில் வாங்குவது, அதனை எவரிடம் எவ்வாறு கற்பது என்னும் இரு வினாக்களும் தனியாள் ஒருவரின் சொந்த விடயங்கள் போலத் தோன்றலாம். ஆனால் அவற்றுக்கான விடைகளைச் சட்டமும் சந்தையும் போரும் வைத்தியசாலையுமே பெருமளவு தீர்மானித்து வந்துள்ளன. இதனை ஆராய்வதற்குப் பிரித்தானியாவின் அநுபவம் மிகப் பொருத்தமானது. அந்நாட்டின் வீதி வழக்குகள் பல அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கும் சென்றன. இலங்கையில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வதும், பயிலுநரின் வாகனத்தில் ‘எல்’ எழுத்துப் பலகை கட்டப்படுவதும் அவ்வுறவின் எச்சங்களே.

1885ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கான்ஸ்ராற் என்னுமிடத்தில் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் உருவாக்கிய வண்டியே பெற்றோலினால் இயங்கிய முதலாவது மோட்டார் சைக்கிள் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மரச்சட்டத்தின் நடுவே பொறியைக் கொண்டிருந்த அவ்வண்டியின் இருமருங்கிலும், அது சரியாமற் காக்க இரண்டு சிறிய துணைச்சில்லுகள் பொருத்தப்பட்டிருந்தன. சிறுவர் சைக்கிள்களில் இன்று காணப்படும் துணைச்சில்லுகளை இவை நினைவூட்டுகின்றன. டைம்லரின் நாட்டம் தமது பொறியைச் சோதித்துப் பார்ப்பதிலேயே இருந்தது. இருசில்லு வாகனமொன்றை விற்பனை செய்வது அவர் நோக்கமன்று. பொதுமக்கள் விலைகொடுத்து வாங்கத்தக்க முதலாவது மோட்டார் சைக்கிளை மியூனிக் நகரின் ஹில்டபிராண்ட், வொல்ப்முல்லர் நிறுவனத்தார் 1894இலேயே உற்பத்தி செய்தனர்.

அந்த ஆரம்பகாலத்தில் மோட்டார் சைக்கிள் பயில்வதென்பது யந்திரம் திருத்தப் பயில்வதாகவே இருந்தது. பல வண்டிகளிற் கிளச் இல்லை. பொறியிலிருந்து தோற்பட்டி நேரே பின்சில்லைச் சுழற்றியது. ஆகவே ஓட்டுநர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, பொறி உயிர்பெற்றதும் அதன்மேற் பாய்ந்தேற வேண்டும். நிறுத்தினாற் பொறியும் நின்றுவிடும். பெற்றோலாவியின் அளவுக்கு ஒரு நெம்பு, காற்றின் அளவுக்கு இன்னொன்று, தீப்பொறி எழும் நேரத்தை முன்பின்னாக்க வேறொன்று எனக் கைகளுக்கு ஓயாத வேலை. இவற்றுக்கிடையே சில மைல்களுக்கு ஒருமுறை கைப்பம்பினால் எண்ணெயும் செலுத்த வேண்டியிருந்தது. சமநிலை பேணும் வித்தையைச் சைக்கிளோட்டத்தின் மூலம் ஏற்கெனவே அறிந்திருந்தோரே பெரும்பாலும் இவ்வண்டிகளை நாடினர். எனவே, மோட்டார் சைக்கிளுக்கெனத் தனியானதொரு பயிற்சி தேவை என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை. சைக்கிள் ஓடத் தெரிந்தவருக்குப் பொறியைப் பற்றி மாத்திரம் அறிந்தாற் போதும் என்ற அக்கருத்து வெகுகாலம் நிலைத்தது. அதன் விளைவுகள் பின்னர் நோக்கப்படும்.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1903இல் நிறைவேற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 1904 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. சாரதி அனுமதிப்பத்திரம் இச்சட்டத்தினாலேயே ஏற்பட்டது. ஆயின் அதனைப் பெறுவதற்குப் பரீட்சை எதுவும் இருக்கவில்லை. ஐந்து சிலிங் கட்டணம் செலுத்தினாற் போதும். காரோட்டுவதற்குக் குறைந்த வயது 17 எனவும் மோட்டார் சைக்கிளுக்கு 14 எனவும் விதிக்கப்பட்டது. சமநிலை தவறினால் வீழ்த்திவிடும் யந்திரத்தைப் பதினான்கு வயதுச் சிறுவரிடம் ஒப்படைத்த சட்டம், நான்கு சில்லில் நிலையாக நிற்கும் யந்திரத்துக்கு மேலும் மூன்றாண்டு காத்திருக்கச் சொன்னது. மோட்டார் சைக்கிள் சைக்கிளின் ஒருவகையே என்ற எண்ணமும், பிறருக்கு அது விளைக்கக்கூடிய தீங்கு சிறிது என்ற கணிப்பும் இதன் பின்னணியில் இருந்திருத்தல் கூடும். ஓட்டுநருக்கு நேரக்கூடிய தீங்கு அந்நாளில் அரசின் கவலையாக இருக்கவில்லை.

முதலாம் உலகப்போர் மோட்டார் சைக்கிளோட்டத்தைப் பெருந்தொகையான இளைஞருக்கு அறிமுகஞ் செய்தது. தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோகும் போர்முனைகளிற் கட்டளைகளைக் கொண்டுசெல்லும் செய்திகாவிகளுக்கு மோட்டார் சைக்கிள் இன்றியமையாததாயிற்று. 1915இல் வெளிவந்த ‘ட்றையம்ப்’ நிறுவனத்தின் 550 சீ. சீ. வண்டி ஏறத்தாழ 30,000 அளவில் இராணுவத்துக்கு வழங்கப்பட்டது. மிதிகட்டை நீக்கப்பட்டு, கிளச்சும் மூன்று கியர்களும் கொண்டிருந்த அவ்வண்டியிலேயே பலர் பயின்றனர். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் சிவில் வாழ்விலும் அதனைத் தேடினர். 1920களின் முற்பகுதியிற் பிரித்தானிய வீதிகளிற் கார்களைவிட மோட்டார் சைக்கிள்களே எண்ணிக்கையில் மிகுந்திருந்தன. உழைக்கும் வர்க்கத்தினரும் கீழ் மத்தியதர வர்க்கத்தினரும் மனைவி மக்களைப் பக்கவண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குச் சென்றனர். அவர்களைப் பொறுத்தவரை முதலாவது மோட்டார் சைக்கிளைத் தெரிவு செய்தது விலைப்பட்டியலேயாகும். 1922இல் ‘ஒஸ்ரின் செவின்’ என்னும் சிறிய கார் சந்தைக்கு வந்த பின்னர், குடும்பஸ்தர் படிப்படியாகக் காரை நாட, மோட்டார் சைக்கிள் இளைஞரின் வாகனமாக மாறலாயிற்று. இம்மாற்றம் முக்கியமானது. பிற்காலத்துச் சட்டங்கள் யாவும் இளைஞரை மனத்திற்கொண்டே ஆக்கப்பட்டன.

1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் மோட்டார் சைக்கிளோட்டுவோரின் குறைந்த வயதைப் 16 ஆக உயர்த்தியது. அடுத்த ஆண்டிலே நெடுஞ்சாலை ஒழுங்குக்கோவை ஒரு பென்னி விலைக்கு வெளியிடப்பட்டது. எனினும் 1934இல் மட்டும் ஏழாயிரத்துக்கும் அதிகமானோர் வீதிகளில் மாண்டனர். அவ்வாண்டிலே புதிய சட்டம் ஒன்று நிறைவேறியது. அதன்படி 1935 ஜூன் முதலாந் திகதியிலிருந்து புதிய சாரதிகளுக்குப் பரீட்சை கட்டாயமாயிற்று. ‘எல்’ பலகையும் அப்போதே வந்தது. இம்முறைமை காரோட்டியையும் மோட்டார் சைக்கிளோட்டியையும் நடத்திய விதத்தில் ஒரு வேறுபாடு உண்டு. காரைப் பயில்பவர் அனுபவமிக்க ஒருவரைத் தம் அருகே அமர்த்திக்கொண்டே வீதிக்கு வரலாம். தனி மோட்டார் சைக்கிளைப் பயில்பவருக்கு இந்நிபந்தனை விதிக்கப்படவில்லை. அருகே அமர்வதற்கு ஆசனம் இல்லாமையே காரணம். இதனால், கற்பித்தல் மிக அவசியமாயிருந்தவர் எவரோ அவரே வீதியில் தனியராக விடப்பட்டார். ஆசனத்தின் அமைப்பினால் ஏற்பட்ட இவ்விதிவிலக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது.

பரீட்சையும் அத்தன்மையதே. பரீட்சகர் நடைபாதையில் நின்றவாறு, தெருத்தொகுதியொன்றைச் சுற்றிவருமாறு பயிலுநரைப் பணிப்பார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை அவரைக் கவனிப்பார். மூலை திரும்பியபின் அவர் என்ன செய்தார் என்பதைப் பரீட்சகர் அறியார். திடீரென நிறுத்தும் ஆற்றலைச் சோதிப்பதற்குப் பரீட்சகர் எதிர்பாராத வேளையில் முன்னே வந்து கையை உயர்த்துவார். எங்கோ ஓரிடத்தில் அவர் வெளிப்படுவார் என்பதைப் பரீட்சார்த்திகள் யாவரும் முன்கூட்டியே அறிந்திருந்தனர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பரீட்சை கட்டாயமாவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், 1935 மே 13ஆந் திகதி, அரேபியப் போர்முனையிற் புகழ்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ் தமது ‘பிறஃப் சுப்பீரியர்’ மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டார். டோசெற் மாவட்டத்தில் அவருடைய இல்லத்தின் அண்மையில், வீதியின் இறக்கமொன்று மறைத்திருந்த இரு சைக்கிளோட்டிச் சிறுவரைத் தவிர்க்க முயன்றபோதே இவ்விபத்து நிகழ்ந்தது. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து மே 19இல் அவர் இறந்தார். அவர் பயிலுநர் அல்லர். அதே வகையைச் சேர்ந்த வண்டிகள் பலவற்றை அடுத்தடுத்து வைத்திருந்த தேர்ந்த ஓட்டுநர். அவரைக் கவனித்த வைத்தியருள் ஒருவர் ஹியூ கேண்ஸ். அவுஸ்திரேலியாவிற் பிறந்த இவர், பின்னர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் சத்திரசிகிச்சைப் பேராசிரியரானார். லோறன்ஸின் மரணமே தலைக்கவசத்தைத் தந்தது எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. இக்கூற்று ஓரளவுக்கே ஏற்புடையது.

தலைக்கவசம் அதற்கு முன்பே இருந்தது. புரூக்லன்ட்ஸ் பந்தயத்திடலிற் பணிபுரிந்த எரிக் கார்ட்னர் என்னும் வைத்தியர், ஓட்டுநர் பலர் தலைக்காயத்துடன் கொண்டுவரப்படுவதைக் கண்டு, கன்வஸ் துணியும் அரக்கும் கொண்டு கவசம் செய்வித்தார். 1914இல் மான் தீவிலே நடைபெற்ற பந்தயத்தில் அது கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே, பந்தயத்தில் ஓடும் வல்லுநரின் தலைக்கு 1914இலேயே காவல் கிடைத்துவிட்டது. அன்றாடம் வேலைக்குச் செல்பவரின் தலையும், நேற்றுப் பழகத் தொடங்கியவரின் தலையும் அவ்வாறு எண்ணப்படவில்லை.

கேண்ஸ் தமது புகழ்பெற்ற கட்டுரையை லோறன்ஸ் இறந்து ஆறு ஆண்டுகளின் பின்னரே, 1941 ஒக்ரோபரில், பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார். அதற்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தது ஒரு பெருமகனின் மரணமன்று. பெயர் அறியப்படாத செய்திகாவிகளின் மரணங்களே. போர் மூள்வதற்கு முந்திய 21 மாதங்களில் 1,884 மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்து சென்றோரும் இறந்திருந்தனர். போரின் முதல் 21 மாதங்களில் இத்தொகை 2,279 ஆக உயர்ந்தது. பெற்றோல் பங்கீட்டினால் வீதிகளில் வாகனங்கள் குறைந்திருந்த காலமது என்பது கவனத்திற் கொள்ளத்தக்கது. விளக்கணைப்பு விதிகளினால் இருண்டுகிடந்த வீதிகளிலே அவசரமாகப் பயிற்றப்பட்ட இளைஞர்கள் கனத்த இராணுவ வண்டிகளைச் செலுத்தினர். கவசம் அணிந்திருந்து விபத்துக்குள்ளானோர் சிலரையே கேண்ஸ் தம் கட்டுரையிற் காட்ட முடிந்தது. எனினும் அவர்கள் எல்லோரும் உயிர் பிழைத்திருந்தனர். 1941 நவம்பரில் இராணுவம் தனது செய்திகாவிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. மரணங்கள் குறைந்த வரலாற்றை 1946இற் கேண்ஸ் மீண்டும் எழுதினார்.

சிவில் மக்களுக்கு அதே விதி வருவதற்கு 1973 ஜூன் முதலாந் திகதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ முப்பத்திரண்டு ஆண்டுகள். படைவீரரின் தலை அரசின் உடைமை. குடிமகனின் தலை அவருடையது என்ற சிந்தனையே இத்தாமதத்துக்கு அடிப்படை எனலாம். 1973இல் இவ்விதியைத் தனிமனித சுதந்திரத்தின் பேரில் எதிர்த்தோருள் பாராளுமன்ற உறுப்பினர் ஈனொக் பவல் குறிப்பிடத்தக்கவர். சீக்கியருக்குத் தலைப்பாகை காரணமாக 1976இல் தனிச்சட்டத்தினால் விலக்களிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரிலே செய்திகாவியாக இருந்து பின்னர் ஆசிரியப்பணி புரிந்த பிரெட் ஹில் என்பவர், கவசம் அணிய மறுத்து, அபராதமும் செலுத்தாது பன்முறை சிறைசென்றார். 1984இல் இலண்டன் பென்ரன்வில் சிறையிலே இறந்தார். கேண்ஸ் காக்க முனைந்த அதே கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர், அக்காவலைத் தமக்கு அவமதிப்பு எனக் கொண்டு உயிர்விட்டது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

இனி, முதல் யந்திரம் பற்றிய வினாவுக்குத் திரும்பலாம். போரிலே தோல்வியுற்ற ஜேர்மனியிடமிருந்து நட்டஈடாகப் பெறப்பட்டவற்றுள் ‘டீ. கே. டபிள்யூ.’ நிறுவனத்தின் 125 சீ. சீ. மோட்டார் சைக்கிளின் வரைபடங்களும் அடங்கும். அவற்றைக் கொண்டு பீ. எஸ். ஏ. நிறுவனம் 1948இல் ‘பன்ரம்’ என்னும் சிறுவண்டியை வெளியிட்டது. இலேசானது, மலிவானது, வீழ்ந்தாலும் பெருஞ்சேதம் அடையாதது என்பதால் பயிலுநர் பலரின் முதல் வண்டியாக அது அமைந்தது. தபால் திணைக்களத்தின் தந்திப் பையன்கள் சிவப்பு நிறப் பன்ரம்களில் ஊர்ச்சுற்றினர். அதே ஜேர்மனிய வடிவத்தை ஒட்டியே யப்பானின் யமஹா நிறுவனமும் 1955இல் தனது முதலாவது மோட்டார் சைக்கிளை உருவாக்கியது.

யப்பானில் 1958இல் வெளிவந்த ஹொண்டாவின் ‘சுப்பர் கப்’ பயிலுநரை மனத்திலிருத்தி ஆக்கப்பட்டது என்று கூறத்தக்க முதலாவது யந்திரங்களுள் ஒன்று. ஒரு கையிலே உணவுத்தட்டை ஏந்திச்செல்லும் நூடில்ஸ் கடைப் பையன், மறுகையால் அதனைச் செலுத்தக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது நிறுவனத்தின் நிர்வாகப் பங்காளியான தக்கேயோ புஜிசாவாவின் எதிர்பார்ப்பு. ஆதலால் இடக்கையினால் இயக்கும் கிளச் நீக்கப்பட்டு, பொறியின் சுழற்சியைக் கொண்டு தானாக இயங்கும் கிளச் பொருத்தப்பட்டது. கால்களை உயர்த்தாது ஏறக்கூடிய தாழ்ந்த சட்டமும், சேற்றைத் தடுக்கும் பிளாஸ்ரிக் கவசமும் அதற்கு இருந்தன. பிரித்தானியத் தொழிலதிபர் இதனை விளையாட்டுப் பொருளெனக் கருதினர். 2017ஆம் ஆண்டளவில் இவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி பத்துக்கோடியைத் தொட்டது. இலங்கையிலும் 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின்னர் யப்பானியச் சிறுவண்டிகள் பெருந்தொகையாக வந்திறங்கின. கற்பதற்கு எளிதான யந்திரத்தை ஆக்குவதும் பாதுகாப்பை வளர்ப்பதற்கான ஒருவழி என்பதைச் சட்டம் இயற்றியோரைவிட இத்தொழிற்சாலை முன்னதாக உணர்ந்திருந்தது.

1950களின் இறுதியிற் பிரித்தானிய இளைஞரின் கையிற் பணம் புழங்கியது. இலண்டன் சுற்றுவீதியிலுள்ள ‘ஏஸ் கபே’ போன்ற தேநீர்க்கடைகளிற் கூடி, வீதியிலேயே பந்தயம் வைப்போர் பற்றிப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. அதுவரை பயிலுநர் எவ்வளவு பெரிய வண்டியையும் வாங்கி, ‘எல்’ பலகை கட்டி ஓடலாம். 1961இல் பயிலுநருக்கு 250 சீ. சீ. என்ற எல்லை வகுக்கப்பட்டது. பக்கவண்டி பொருத்தியவற்றுக்கு இவ்வெல்லை இல்லை. பொறியின் கொள்ளளவு எளிதில் அளக்கத்தக்கது, பதிவேட்டில் எழுதத்தக்கது, பொலிசார் ஒரு நோக்கிலேயே அறியத்தக்கது. ஓட்டுநரின் திறன் அவ்வாறானதன்று. நிர்வாகம் தனக்கு வசதியானதை அளந்தது என்று கூறுவதிலே தவறில்லை.

சந்தை இவ்வெல்லையைத் தடையாகக் கொள்ளாது வாய்ப்பாகவே கொண்டது. பரீட்சையிற் சித்தியெய்தாமலே வாங்கக்கூடிய மிக வேகமான வண்டி எதுவோ அதுவே இளைஞரின் கனவாயிற்று. ரோயல் என்பீல்ட் நிறுவனம் 1964இல் அறிமுகஞ் செய்த ‘கொன்ரினென்ரல் ஜீ. ரீ.’ பந்தய வண்டியின் தோற்றத்தில் அமைந்த 250 சீ. சீ. வண்டியாகும். யப்பானியர் இப்போட்டியை மேலும் முன்னெடுத்தனர். 1978இல் வெளிவந்த சுசூக்கியின் ‘எக்ஸ் 7’ மணிக்கு நூறு மைலை எட்டும் 250 சீ. சீ. வண்டி என விளம்பரம் பெற்றது. 1961இற் சட்டம் பயிலுநரிடமிருந்து விலக்க விரும்பிய வேகம், பதினேழு ஆண்டுகளில் அச்சட்டத்தின் எல்லைக்குள்ளேயே வந்து சேர்ந்தது. இதனிடையே, வண்டி மாற்றுவோருக்குப் பிறிதொரு இடரும் இருந்தது. பிரித்தானிய வண்டிகளிற் கியர் வலக்காலிலும் பின்பிறேக் இடக்காலிலும் இருக்க, யப்பானிய வண்டிகளில் அவை இடம்மாறியிருந்தன. இதிலே பழகியவர் அதிலே ஏறினால், ஆபத்துவேளையிற் கால் தேடுவது ஒன்றாகவும் கிடைப்பது வேறொன்றாகவும் இருக்கும்.

பதினாறு வயதினரின் கதையும் இதனையொத்ததே. 1971 இறுதியில் அவர்களுக்கு 50 சீ. சீ. ‘மொபெட்’ மட்டுமே உரியது என விதிக்கப்பட்டது. மொபெட் என்பது மிதிகட்டைகளால் இயக்கத்தக்கதாயிருத்தல் வேண்டும் என்பது வரைவிலக்கணம். யமஹாவின் ‘எப். எஸ். 1–ஈ’ மிதிகட்டைகளைக் கொண்டிருந்தது. ஆனால் அவை பூட்டி வைக்கப்பட்டுப் பாதந்தாங்கிகளாகவே பயன்பட்டன. சட்டம் கேட்ட மிதிகட்டை இருந்தது. சட்டம் விரும்பாத வேகமும் இருந்தது. மணிக்கு நாற்பது மைலுக்கும் மேலாகச் சென்ற அவ்வண்டிகளைப் பயிற்சியேதும் பெறாத பாடசாலை மாணவர் ஓட்டினர். 1977இல் மிதிகட்டை விதி கைவிடப்பட்டு மணிக்கு முப்பது மைல் என்னும் வேகவெல்லை விதிக்கப்பட்டது.

யந்திரத்தின் அளவிலிருந்து ஓட்டுநரின் செயலுக்கு ஆய்வாளரின் கவனத்தைத் திருப்பியதில் அமெரிக்க ஆய்வொன்றுக்குப் பெரும்பங்குண்டு. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் தலைமையில் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகள் நிகழ்ந்த இடத்திலேயே ஆராயப்பட்டன. 3,600 பொலிஸ் அறிக்கைகளும் பரிசீலிக்கப்பட்டன. 1981இல் வெளியான அவ்வறிக்கை பல நம்பிக்கைகளைத் தகர்த்தது. விபத்துக்குள்ளானோரின் வேகத்தின் இடைநிலை மணிக்கு முப்பது மைலைத் தாண்டவில்லை. விபத்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வேறொரு வாகனத்துடன், பெரும்பாலும் காருடன், மோதியவை. அவ்வாறு மோதியவற்றுள் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிடவேண்டிய கார்ச்சாரதி வழிவிடாமையே காரணம். மோட்டார் சைக்கிளைத் தாம் காணவில்லை என்பதே அச்சாரதிகளின் வழக்கமான கூற்றாகும்.

ஓட்டுநர் பற்றிய முடிவுகள் இன்னும் ஆழமானவை. அவர்களுள் 92 சதவீதத்தினர் தாமாகவே பழகியவர்கள், அல்லது உறவினரிடமோ நண்பரிடமோ கற்றவர்கள். அரைப்பங்குக்கு மேற்பட்டோர் விபத்துக்குள்ளான வண்டியிலே ஐந்து மாதத்துக்கும் குறைந்த பழக்கமே உடையோர். ஆனால் வீதியில் ஓடிய மொத்த அநுபவம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். ஆகவே, மூன்றாண்டு ஓடியவரும் புது வண்டியில் ஏறியதும் மீண்டும் பயிலுநராகிவிடுகிறார். ஆபத்தை உணர்வதற்கும் மோதலுக்கும் இடையே கிடைத்த நேரம் இரண்டு வினாடியிலும் குறைவு. அந்நேரத்தில் அவர்கள் பின்பிறேக்கை மிதமிஞ்சி அழுத்திச் சில்லைச் சறுக்கவிட்டனர். முன்பிறேக்கைப் போதியளவு பயன்படுத்தவில்லை. நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்சில்லே அதிகம் நிறுத்தவல்லது. சைக்கிளில் முன்பிறேக்கை அழுத்திக் குப்புற வீழ்ந்த சிறுவயது அச்சமோ கைவிரல்களைத் தடுக்கிறது. சைக்கிள் ஓடத் தெரிந்தாற் போதும் என்ற பழைய எண்ணத்தின் விலை இதுவாகும்.

வளைத்துத் தப்பும் ஆற்றலும் அவர்களிடம் இல்லாதிருந்தது. இருசில்லு வாகனமொன்று சற்று வேகமாகச் செல்லும்போது, வலப்புறம் திரும்புவதற்குக் கைபிடியின் வலப்பக்கத்தை முன்னே தள்ளவேண்டும். முன்சில்லு கணநேரம் இடப்புறம் நோக்க, வண்டி வலப்புறம் சாய்ந்து திரும்பும். ஸ்கொட்லாந்துப் பொறியியலறிஞர் றாங்கின் 1869இலேயே சைக்கிளின் இவ்வியல்பை ஆராய்ந்திருந்தார். விமானத்தை ஆக்கிய வில்பர் றைற்றும், சைக்கிளோட்டிகள் இதனைச் செய்துகொண்டே தாம் செய்வதை அறியாதிருப்பதை அவதானித்தவர். சாதாரண வேளையில் உடல் இதனைத் தானாகவே செய்துவிடுகிறது. எதிரே கார் குறுக்கிட்ட இரண்டு வினாடிக்குள், அறிந்து பழகாத உடலுக்கு அது கைகொடுப்பதில்லை. நூறாண்டுக்கு மேலாக நூல்களில் இருந்த இவ்வறிவு பயிலுநரின் கைக்கு வந்து சேர்வதற்கு வழியொன்று இருக்கவில்லை.

பிரித்தானியாவிலே 1981ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் இரு பகுதிகளைக் கொண்ட பரீட்சையை ஏற்படுத்தியது. முதற்பகுதி வீதிக்குப் புறம்பான திடலில் வண்டியைக் கையாளும் திறனைச் சோதித்தது. இரண்டாவது பகுதி வீதியில் நடந்தது. 1983இல் பயிலுநர் எல்லை 125 சீ. சீ. ஆகக் குறைக்கப்பட்டது. இம்முறை பொறியின் வலுவும் ஒன்பது கிலோவாற்றுக்கு மட்டுப்படுத்தப்பட்டமையால், கொள்ளளவுக்குள் வேகத்தை ஒளித்துவைக்கும் பழைய உபாயம் பலிக்கவில்லை. அத்தசாப்தத்தில் மோட்டார் சைக்கிளோட்டிகளின் மரணங்கள் பெரிதும் குறைந்தன. ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தொகையும் அதேகாலத்திற் குறைந்தது. பெற்றோரும் இளைஞரும் பழைய கார்களை நாடலாயினர். ஆகவே, இறப்பு வீழ்ச்சி முழுவதையும் சட்டத்தின் கணக்கில் வரவு வைப்பது வரலாற்று நேர்மையாகாது.

பரீட்சகர் நடைபாதையிலிருந்து இறங்கி, தாமும் ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி, வானொலித் தொடர்புடன் பரீட்சார்த்தியைப் பின்தொடரும் முறை 1980களின் இறுதியில் வந்தது. 1990 டிசம்பர் முதலாந் திகதி கட்டாய ஆரம்பப் பயிற்சி நடைமுறைக்கு வந்தது. அதன்படி பயிலுநர் திடலொன்றில் வண்டியைத் தள்ளவும் நிறுத்தவும் திருப்பவும் கற்று, போதனாசிரியருடன் வீதியில் ஓடி, அவர் சான்றளித்த பின்னரே தனியே செல்லலாம். பின்னால் ஆளேற்றிச் செல்வதும் அவருக்குத் தடைசெய்யப்பட்டது. ‘எல்’ பலகை தோன்றி ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும் காருக்குரிய பரீட்சையை 2001 பெப்ரவரிக்கு முன்னர் முடித்திருந்தோர், இருசில்லு வாகனமொன்றில் ஒருநாளேனும் அமர்ந்திராதவராயினும், 50 சீ. சீ. மொபெட்டை அப்பயிற்சியின்றியே வீதிக்குக் கொண்டுவரச் சட்டம் இடமளித்தது.